கோட்டை விட்டு அறு

என் ஜாபரே, என் மச்சானே,

உன் நாற்காலிக்கு நாலாவது கால் போச்சுடா. நான்தான் கெடுத்தேன்.

உன் அம்மாவுக்காக நீ தொடங்கிய நாற்காலி. முட்டிவலியால் அவரால் தரையில் உட்கார்ந்து தொழ முடியவில்லை. வீட்டிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியோ காலை அகட்டி அவரைக் கீழே தள்ளிவிட்டது. நீ பழைய கதவு நிலையை அறுத்து மூன்று கால்களைச் செய்து முடித்தாய். நாலாவதற்குக் கோடு மட்டும் போட்டுவிட்டு, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை. அப்படி என்னடா அவசரம் உனக்கு?

ஐ.டி.ஐ.யில் தச்சு வகுப்பின் முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? சார் நம் கையில் ரம்பத்தைக் கொடுத்து, "கோட்டை விட்டு அறுங்கப்பா" என்றார். ரம்பம் கோட்டுக்கு வெளியே ஓட வேண்டும், பென்சில் கோடு மரத்திலேயே நிற்க வேண்டும் என்று அர்த்தம். நீ எழுந்து, "சார், செஞ்சியில எத்தினியோ ராஜாங்க கோட்டைய உட்டுட்டுப் போயிருக்காங்க, எங்களுக்கா உடத் தெரியாது?" என்றாய். வகுப்பே சிரித்தது. அப்புறம் அறுத்தாய் பார், உன் கோடு அப்படியே நின்றது. என் ரம்பம்தான் கோட்டைத் தின்றது. அன்று முதல் நான் கெடுப்பதும் நீ சரிசெய்வதுமாகத்தானே காலத்தை ஓட்டினோம்?

இப்போது யாரிடம் கொண்டுபோய் நீட்டுவேன், சொல்.

நாலாவது காலிலும் அதே கதைதான். கோணலாக அறுத்தேன். நேராக்கப் போய் ஒரு விரற்கடை குட்டையாகிவிட்டது. அந்தக் கதவு நிலையில் மரம் மிச்சம் இல்லை. அவலூர்பேட்டை மரக்கடை வரை போய்ப் பார்த்தேன், அந்த மரத்துக்குச் சேர்த்தியாக ஒரு துண்டும் அகப்படவில்லை. கட்டை வைத்து முட்டுக் கொடுக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"மறுபடியும் நான் உழறதுக்கா? மத்த மூணையும் அதே அளவுக்குக் கொறச்சுடு. வேலை முடிஞ்சுது."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! அந்த மூன்று கால்களின் அடியிலும் உன் பென்சில் கோடு இருக்கிறதடா. நீ விட்ட கோடு. உன் கை பட்டதில் எனக்கென்று வேறு என்ன இருக்கிறது? ரம்பத்தை வைக்கிறேன், எடுக்கிறேன், வைக்கிறேன். "முடியலம்மா, அவன் போட்ட கோடும்மா" என்று கத்தி அழுதுவிட்டேன்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். ஒரு காலை எடுத்து அந்தக் கோட்டை விரலால் தடவினார்.

"எம்புள்ள கோடு எனக்கு மட்டும் வோணாமா? ஆனா இன்னா செய்றது? கோடாடா ஒக்காரப் போவுது, நான்தான ஒக்காரணும்?"

அதற்குள் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அம்மா மறுபடி சுவரோரம் போய், வலியோடு நின்றுகொண்டே தொழுதார். ஆண்டவனே, அதை என்னால் பார்க்க முடியவில்லை. நீ இருந்திருந்தால் அவர் இப்படி நிற்பாரா? உன் இடத்தில் நான் இருந்து என்ன பிரயோஜனம்?

விடிந்ததும் அந்த மூன்று கால்களிலும் நான் கோடு போடப் போகிறேன். இந்தத் தடவை கோட்டை விட்டுத்தான் அறுப்பேன், சத்தியம். அம்மா உட்காருவார். கீழே விழும் துண்டுகளில் உன் கோடு இருக்கும். அவற்றை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். எனக்கென்று ஒன்றுகூட எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கோட்டைத் தின்றே பழகிய உன் மச்சான்,
தொண்டூர் ஏழுமலை