முருகேசனுக்கு வகிடு எடுத்தார்கள்

12 ஜூலை 1979, வியாழன்

பக்கத்து வீட்டு முருகேசனை இன்று கோர்ட்டில் எனக்கே அடையாளம் தெரியவில்லை. எண்ணெய் தடவி வகிடு எடுத்து, சலவை வேட்டியில் புதுமாப்பிள்ளை மாதிரி நின்றான். எல்லாம் அவன் அண்ணன் சின்னச்சாமியின் ஏற்பாடு. சித்தப்பா கிணற்றில் விஷம் கலக்கிறார் என்று காதுக்குள் ஏதோ குரல் சொல்ல, அவரை வெட்டிக் கொன்றவன் முருகேசன். அதற்கு முன்பே அவனைக் கோயில் தூணில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்ததை ஊரே பார்த்தது. ஜட்ஜ், "உனக்குப் புத்தி சுகமில்லையா?" என்று கேட்டார். சொல்லிக்கொடுத்தபடியே, "நல்லா இருக்கேன் ஐயா" என்று கும்பிட்டான். புத்தி சுகமில்லாதவன் என்று காட்டித் தூக்கிலிருந்து தப்ப வைக்கப் பார்த்த அவன் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார்.

வெளியே சின்னச்சாமியைப் பிடித்தேன். "ஏ மாப்ள, தூக்குல போடுறதுக்கா தலை சீவி விட்ட?"

"பைத்தியம்னு கோர்ட்டுல எழுதிப்புட்டா என் மகள எவன் கட்டுவான் மச்சான்? நாளைக்கு நீங்க சாட்சி சொல்ல வராதீக. உங்க பேச்ச யாரு நம்புவா?"

அதுவும் நியாயம்தான். மழை பெய்கிறது என்று நான் சொன்னால், என் மனைவியே வாசலில் கை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள்.

"நம்புறவன் நம்பட்டும். கூண்டுல ஏறி அந்தச் சங்கிலியச் சொல்லத்தான் போறேன். உன் மகள என் மூத்தவன் கட்டுவான், போடா!" என்று கத்திவிட்டேன்.

கோர்ட் வாசலே திரும்பிப் பார்த்தது. சொன்னது சொன்னதுதான், மாற்றமாட்டேன். மூத்தவனுக்கு இன்னும் விஷயம் தெரியாது. அவன் அம்மாவுக்கும் தெரியாது. நிம்மதியாகக் குறட்டை விடுகிறாள், பாவம்.