உங்கள் திவசத்துக்கு நான் சமைக்க மாட்டேன்

என் அன்பு மச்சாளுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. கொலோனில் இன்னும் குளிர் விடவில்லை. காலையில் எழும்பினால் விரல்கள் மடங்க மாட்டோம் என்று அடம்பிடிக்கின்றன. என் மனுசனான உங்கள் தம்பி சுகமாக இருக்கிறார். இப்போதெல்லாம் தேநீர் அவர்தான் போடுகிறார். சீனி கொஞ்சம் கூடத்தான், ஆனால் நான் வாய் திறப்பதில்லை.

என் உடம்பு நோவுக்கு டொக்டரிடம் நாம் முதன்முதல் போனது நினைவிருக்கிறதா? எனக்கு மொழிபெயர்க்க வந்தவர் நீங்கள். "டொக்டரிட்டப் போகேக்க வருத்தக்காரி மாதிரிப் போகப்படாது. வடிவா உடுத்துக்கொண்டு வாரும்" என்று சொல்லி, என் தலையையும் நீங்களே வாரிவிட்டீர்கள். நல்ல சேலையும் பொட்டுமாக நான் போய் இருக்க, எப்படி இருக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். யார் கேட்டாலும் சொல்கிற பதிலையே சொன்னேன்: நல்ல சுகம். நீங்களும் சிரித்துக்கொண்டு அதையே ஜெர்மன் மொழியில் சொன்னீர்கள். இரத்தத்தில் ஒரு குறையும் இல்லை, நன்றாகத் தூங்குங்கள் என்று எங்களை அனுப்பிவிட்டார்.

திரும்பி வரும்போது டிராமில் என்னால் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. அப்போதுதான் நீங்கள் என் கையைப் பார்த்தீர்கள்.

"உமக்கு உண்மையாவே இவ்வளவு நோகுதோ? பிறகேன் அங்க நல்ல சுகமெண்டு சொன்னனீர்?"

"உங்களுக்கு முன்னால எப்பிடி மச்சாள் சொல்லுறது?" என்றேன்.

டொக்டரைப் பார்க்க எடுத்த அடுத்த டெர்மினுக்கு உங்கள் உத்தரவுப்படி வாராத தலையோடும் வீட்டுச் சட்டையோடும் போனேன். இந்த முறை ஒரு பெண் டொக்டர். பொறுமையாக விசாரித்து, வேறு நோய்கள் இல்லை என்று பார்த்து முடிக்க மாதக்கணக்கானது. பிறகுதான் பைப்ரோமயால்ஜியா என்ற பெயர் வந்தது. உயிருக்கு ஆபத்தா என்று நீங்கள் கேட்டீர்கள். இல்லை. முற்றாக மாறுமா என்று கேட்டீர்கள். அதற்கும் நிச்சயமான பதில் இல்லை.

பிறகு சொந்தக்காரருக்கெல்லாம் நீங்கள்தான் விளக்கம் கொடுத்தீர்கள். "தாளிக்கேக்க முகட்டில இருக்கிற புகை மணி கத்துதெல்லே? நெருப்பு இல்லைத்தான். அதுக்காக மணி கத்துறது பொய்யோ? இவவின்ர உடம்பிலயும் அப்பிடித்தான்." எனக்குப் பஞ்சி, வேலைக்குச் சோம்பல் என்று கதைத்தவர்களுக்கு, தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்று ஒரு குத்தும் கிடைத்தது.

மருந்து பாதிதான் உதவுகிறது. சூட்டுத் தண்ணீரில் நடக்கும் வகுப்புக்குப் போகிறேன். கூட வருபவர்கள் வயதான ஜெர்மன்காரிகள், நடையைவிடக் கதைதான் கூட. எனக்கு நல்ல நாட்களில்தான் பயம். அன்றைக்கு வீடு முழுவதும் கூட்டத் தோன்றும், மறுநாள் படுக்கை. பாதி வேலையில் நிறுத்தப் பழகிக்கொண்டிருக்கிறேன். கழுவாத சட்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாதா?

ஆனால் "என்னால ஏலாது" என்ற சொல் மட்டும் என் வாயில் வருவதில்லை. எந்த வீட்டு விசேஷத்திலும் எனக்காக அதைச் சொன்னது நீங்கள்தான். இனி யார் சொல்வது?

போன கிழமை உங்கள் மகள் துளசி போன் எடுத்தாள். "மாமி, அம்மாவின்ர திவசத்துக்கு நீங்கதானே சமைப்பீங்கள்? உங்கட கைச் சமையலெண்டா அம்மாவுக்கு எவ்வளவு விருப்பம்."

"ஓம் பிள்ளை" என்று சொல்லிவிட்டேன்.

போனை வைத்த பிறகு உங்கள் முப்பத்தோராம் நாள் சடங்கு ஞாபகம் வந்தது. அன்றும் விடியவே எழும்பித் தேங்காய் துருவி, வந்த அத்தனை பேருக்கும் நானே சமைத்தேன். உங்கள் படத்துக்குப் பூப் போட ஐயர் கூப்பிட்டபோது கை எழவில்லை. என் பூவையும் உங்கள் தம்பியே சேர்த்துப் போட்டார். உங்களுக்கு நான் ஒரு பூக்கூடப் போடவில்லை, மச்சாள். இந்த நோய் தந்த நோவிலெல்லாம் பெரிய நோ அதுதான்.

துளசிக்குத் திருப்பிப் போன் எடுத்தேன். "பிள்ளை, குறை நினைக்காதை. எனக்குச் சமைக்க ஏலாது."

"என்ன மாமி, கோவமோ?"

"இல்லையம்மா. நோகுது."

அவள் மெதுவாக, "அப்ப கடையில எடுப்பம். நீங்க வந்து சும்மா இருந்தாலே காணும்" என்றாள். இவ்வளவுதானா? இதற்கா இத்தனை வருடம் பயந்தேன்?

கடைக் கத்தரிக்காய்க் குழம்பைப் பார்த்து நீங்கள் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். இந்த ஒரு முறை பொறுத்துக்கொள்ளுங்கள். முந்திய நாள் முழுவதும் படுத்திருப்பேன். அன்று மண்டபத்தில் கதிரையில் இருப்பேன். ஏன் வேலை செய்யாமல் இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் நானே பதில் சொல்வேன். ஐயர் கூப்பிடும்போது எழும்பி வந்து, என் கையாலேயே உங்களுக்குப் பூப் போடுவேன். இது சத்தியம்.

உங்கள் தம்பியின் மனைவி என்பதைவிட,
என்றும் உங்கள் மச்சாள்,
வனஜா