நாலு விரற்கடை காற்று

பயத்தையும் பாசத்தையும் சரிபாதியாக என்னிடம் வாங்கிக்கொண்டு போய்விட்ட அத்திம்பேருக்கு,

முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் இருப்பதைக் கல்கத்தாவில் ஒரு ஜீவனும் நம்பாது. நீங்கள் இருந்தபோதே என் பேச்சை நம்பியதில்லை. இப்போது எழுந்து போக முடியாது, கேட்டுத்தான் ஆகவேண்டும்.

உங்கள் மோட்டார் சைக்கிள் என்னிடம் இருக்கிறது. அக்காதான் சாவியைக் கொடுத்தாள். உயிரோடு இருந்தவரை அதன் கைப்பிடியைத் துடைக்கக்கூட என்னை விடாதவர் நீங்கள். அதனாலேயே எனக்குச் சந்தேகம்.

முகப்பில் நிற்கிறதே, அந்தச் செல்லுலாய்டு காற்றுத்தடுப்பு, அதைச் சொல்கிறேன். உங்கள் உயரத்துக்கு அது கோட்டைச் சுவர். நானோ உங்களைவிட ஒரு முழம் உயரம். இதை நீங்கள் ஒப்புக்கொண்டதே கிடையாது. விளிம்பைத் தாண்டி வரும் காற்று சுருண்டு விழுந்து என்னைக் காதோடு சேர்த்து அறைகிறது. அதுவும் இடது காதில். நீங்கள் வழக்கமாகக் குட்டுகிற அதே பக்கம். இது வெறும் காற்றுதானா?

கிடர்பூர் ஆபீஸுக்குப் போன முதல் நாளே என் தலைப்பாகை பறந்தது. ஹூக்ளியைத் தாண்டி, ரங்கூன் கப்பலின் புகைபோக்கியில் உட்கார்ந்தது. ஏதோ ராஜாங்கத்துக் கொடி என்று மாலுமிகள் சலாம் வைத்தார்கள். இரண்டாம் நாள் என் தலை ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, எதிரே வந்த டிராம் ஓட்டுநர் நான் ஏதோ அனுமதி கொடுக்கிறேன் என்று நினைத்து டிராமை ஹௌரா வரைக்கும் நிறுத்தவே இல்லை.

தினமும் தலை சுற்றலோடு வீடு திரும்பினேன். அக்காவுக்கு அது போதாதா? உங்களைக் கொண்டுபோனது காய்ச்சல் என்று டாக்டர் சொன்னதை அவள் இன்னும் ஏற்கவில்லை. வண்டிக்காற்று மார்பில் அடித்ததுதான் என்கிறாள்.

"ஒருத்தரைக் குடுத்தாச்சு, சேஷு. இன்னொருத்தரைக் குடுக்க எனக்குத் தெம்பு இல்லை. ஞாயித்துக்கிழமை ஹரிபத பாபு வரார். வித்துடப் போறேன்."

அடுத்த வீட்டு ஹரிபத பாபுவை உங்களுக்குத் தெரியும். நான் வண்டியை எடுக்கும்போதெல்லாம் வாசலுக்கு வந்து, தடுப்பை இன்னும் உயர்த்துங்கள் தாதா, உயர்த்தினால் சரியாகிவிடும் என்று என்னை அண்ணனாக்கிப் பேசுவார். உயர்த்திப் பார்த்தேன். காதில் விழும் அறை இரட்டிப்பானது. தலை சுற்றி நானே வண்டியை விற்றுவிட வேண்டும் என்று அவர் திட்டம் போடுவதாக எனக்குப் பட்டது. ஆனால் உங்கள்மேல் இருந்த சந்தேகம் அதைவிடப் பெரியது. மச்சினன் ஓட்டவே கூடாது என்றுதானே தடுப்பை உங்கள் அளவுக்கு முறுக்கி வைத்துவிட்டுப் போனீர்கள்?

உயர்த்தினால் அறை கூடுகிறது என்றால் குட்டையாக்கினால் குறையத்தானே வேண்டும், கீழே இறக்க இடமில்லை, வெட்டுவதுதான் வழி என்று சனிக்கிழமை மத்தியானம் துணிந்துவிட்டேன். தடுப்பைக் கழற்றிக் கூடத்தில் கிடத்தினேன். செல்லுலாய்டு பஞ்சைப் போலப் பற்றிக்கொள்ளும் என்று சொல்லி, வெந்நீர் காய்ந்ததுமே அக்காவின் குமுட்டி அடுப்பை அணைக்கச் சொன்னேன். விரிசல் விடாமல் இருக்க அந்த வெந்நீரை ஊற்றி இளக்கினேன். எவ்வளவு வெட்டுவது என்றுதான் தெரியவில்லை. அதிகம் வெட்டினால் தூசி முழுக்க வாய்க்குள். குறைவாக வெட்டினால் ஞாயிற்றுக்கிழமை ஹரிபத பாபு.

நான் ரம்பத்தை எடுத்ததும் அக்கா, "இரு, வெறுமனே அறுக்காதே" என்று விபூதிச் சம்படத்தோடு வந்தாள். வண்டிக்கு நெற்றி அதுதான் என்று முடிவு செய்து, தகடு முழுக்க அகலமாகப் பட்டை போட்டாள். விரல் கடந்து போன இடத்தில், மேல் விளிம்பிலிருந்து நாலு விரற்கடை கீழே, மயிரிழைக் கீறல் ஒன்று வெள்ளையாக எழுந்து நின்றது. ஊசியால் இழுத்த நேர்கோடு. அதன் ஓரத்தில் உங்கள் கையெழுத்தில் 'சேஷு' என்று இருந்தது.

அக்கா சம்படத்தை மூட மறந்து நின்றாள்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. டயர் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்கவேண்டும் என்று சொல்லி, ஒரே ஒருமுறை என்னை வண்டியில் உட்கார வைத்தீர்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தீர்கள். மூட்டையை எடை பார்க்கிற மாதிரி இருக்கிறதே என்று மனதுக்குள் திட்டினேன். டயரைப் பார்க்கவே இல்லையா நீங்கள்? எப்போது கீறினீர்கள்? ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

கோட்டிலேயே அறுத்தேன். மறுநாள் காலை ஹரிபத பாபு வாசலில் நிற்க, கிடர்பூர் பாலம் வரை போய்த் திரும்பினேன். காற்று தகட்டின்மேல் வழுக்கி, தோளோடு விலகிப் போயிற்று. காது இரண்டும் சும்மா இருந்தன.

"தலை எப்படிடா இருக்கு?"

"இருந்த இடத்துலயே இருக்குக்கா."

என் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஹரிபத பாபுவுக்குக் காபி கொடுத்து, வண்டி விற்பனைக்கு இல்லை என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பினாள். அந்த மனுஷரும் தகட்டைத் தடவிப் பார்த்து, சந்தோஷமாகத்தான் போனார். அந்தச் சந்தோஷத்தின்மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

அறுத்த துண்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் உயரத்தில் நம் வீட்டுக்கு ஒருவர் வந்தால், மறுபடி பொருத்திக் கொடுத்துவிட்டு நான் நடந்து போவேன். இது வாக்கு.

தலைப்பாகை பறந்தது பொய். அது வழியில் ஒரு சாக்கடையில் விழுந்தது. டிராம் பொய். ஒரு முழம் உயரம் என்பதும் பொய், நாலு விரற்கடைதான். அந்தக் கோடு மட்டும் நிஜம், அத்திம்பேரே.

நீங்கள் அளவெடுத்து வைத்த மச்சினன்,
சேஷு