புலிவரி விழுந்த வயல்

ஏசான் தீவு, 6 மே 1973

அன்புத் தம்பி கிதக்கிற்கு,

காற்று ஓயாத கரையிலிருந்து அக்காள் பூன்ரே எழுதுகிறேன். உல்சான் நகரத்துப் புகையில் உன் இருமல் எப்படியிருக்கிறது? ஆலைக்குப் போனபின் அக்காளுக்கு எழுதக் கையில்லாமல் போயிற்றா உனக்கு?

உன் அத்தானைக் கடல் விழுங்கியபின் குடிவழியினரின் படையல் வயல் என் கைக்கு வந்ததை அறிவாய். முன்னோர் கல்லறையில் இலையுதிர் காலத்தில் படைக்கும் சோறு விளைகின்ற வயல். உழுபவருக்கே வீடும் உண்டு. பெண்ணொருத்தி அதை உழுவது இக்குடியில் இதுவே முதல்முறை.

சென்ற ஆண்டு பொடியுரம் வீசினேன். கைவிட்டதும் காற்று அள்ளிக்கொண்டது. குவிந்த இடத்தில் பயிர் கருத்துக் கொழுத்துச் சாய்ந்தது. விழாத இடத்தில் வெளிறிச் சோம்பியது. வரப்பில் நின்ற, குடிக்குத் தலைவரான பெரிய மாமனார், "இது வயலா, இல்ல புலித்தோலா? அடுத்த வருசமும் வரி விழுந்துச்சுன்னா, பன்சு உழட்டும்மா. வீட்டையும் அவன்கிட்ட விட்டுடு" என்றார். பன்சு உன் அத்தானின் சிற்றப்பா மகன். அருகில் நின்று பல்லைக் குத்திக்கொண்டிருந்தான்.

நீ உரம் செய்கின்றவன். வழி சொல். எனக்கு வேறு கூரை இல்லை.

உன் அக்காள்,
பூன்ரே

•

உல்சான், 14 மே 1973

என் அன்பு அக்காவுக்கு,

இருமல் இருக்கிறது, நானும் இருக்கிறேன். கலங்காதே!

பொடி காற்றுக்கு அடிமை, அக்கா. அடிமையை நம்பியா ஆண்டு முழுவதும் உழைப்பது? ஆலையில் நான் நிற்கும் சுழல் உருளையில் அந்தப் பொடியே நனைந்து, உருண்டு, காய்ந்து, சலித்து, ஒரே அளவுக் குருணையாகிறது. அதற்கு எடை உண்டு. வீசிய இடத்தில் விழும், விழுந்த இடத்தில் நிற்கும். பனி ஈரத்தில் இலையோடு ஒட்டிக் கருக்காது. கையிலிருந்து சோளம்போல் உதிரும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் ஒவ்வொரு குருணைக்குள்ளும் உண்டு. ஒரு தூருக்கு விருந்து, மறு தூருக்குப் பட்டினி என்னும் கொடுமை ஒழியும்! உன் வயல் முழுதும் ஒரே பச்சை, ஒரே உயரம், ஒரே கதிர். அன்று பன்சு பல்லைக் குத்தட்டும். குச்சி ஒடியும்வரை குத்தட்டும்.

மூட்டைகளைப் படகேற்றிவிட்டேன். வென்று எழுது.

உன் தம்பி,
கிதக்

•

ஏசான் தீவு, 24 சூன் 1973

தம்பி கிதக்கிற்கு,

முதலில் நட்ட மேல்வயலில் உன் குருணையை வீசினேன். நீ சொன்னபடியே உதிர்ந்தது, நின்றது. ஆனால் தம்பி, நின்றது நின்றபடியே இருக்கிறது! தண்ணீருக்கடியில் கூழாங்கல்லாய்க் கிடக்கிறது. கரையவில்லை, பயிரும் நிறம் மாறவில்லை. விடிந்தால் ஓடிப்போய்ச் சேற்றைத் துழாவுகிறேன். விரலில் குருணைதான் தட்டுப்படுகிறது.

பன்சு வரப்பில் நின்று சிரிக்கிறான்: "என்ன அண்ணி, வயலுக்குக் கோழித்தீனி போட்டிருக்கீங்க? முட்டை எப்போ வைக்கும்?" கூட நின்ற பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கீழ்வயலுக்குரிய மூட்டைகள் வீட்டில் இருக்கின்றன. "உரல்ல போட்டு இடிச்சுடு பூன்ரே. மாவாக்கினா உடனே கரையும்" என்கிறாள் பக்கத்துவீட்டுக்காரி. உன் மறுமொழிக்காகக் காத்திருக்கிறேன். ஆனால் பயிர் காத்திருக்குமா?

அக்காள்,
பூன்ரே

•

உல்சான், 29 சூன் 1973

அக்கா! அக்கா!

இடிக்காதே! உலக்கையைத் தொடாதே! மெல்லக் கரைவதே அதன் இயல்பு. மெல்ல ஊட்டுவதே அதன் அருமை. இடித்தால் மீண்டும் பொடி, மீண்டும் காற்று, மீண்டும் புலிவரி! மேல்வயலை நம்பு, பச்சை ஏறும்.

தந்தி அடிக்கப் போனேன். புயலில் தீவுக்குச் செல்லும் கம்பி அறுந்து கிடக்கிறதாம். படகும் ஓடவில்லையாம். விடுப்புக் கேட்டேன், கண்காணி, "உங்க அக்கா உரம் போடுறதுக்கெல்லாம் உருளையை நிறுத்துவாங்களாடா?" என்றான். இக்கடிதம் மட்டுமே என் கை. உன்னை எட்டிப் பிடிக்கட்டும்.

கிதக்

•

ஏசான் தீவு, 9 அக்டோபர் 1973

தம்பி கிதக்கிற்கு,

உன் கடிதத்தைக் கொண்டுவந்த படகு புயல் ஓய்ந்தபின்தான் வந்தது. அதற்குள் இடித்துவிட்டேன். கைகள் கொப்புளிக்க இடித்தேன், காற்றில் வீசினேன். மாவு என் முகத்திலேயே திரும்பி அடித்தது.

மேல்வயலில் பச்சை ஏறியது. நீ சொன்னது பொய்யில்லை, தம்பி. ஒரே உயரம், ஒரே கதிர். பாய் விரித்ததுபோல் நின்றது. கீழ்வயலில் புலி படுத்திருந்தது.

நேற்றுக் குடிவழியினர் வந்து பார்த்தார்கள். பெரிய மாமனார் மேல்வயலில் நெடுநேரம் நின்றார். "இதே மாதிரி முழுக்க விளைஞ்சிருந்தா உன்னை யாரும்மா அசைக்க முடியும்?" என்றார். பிறகு கீழ்வயலுக்கு இறங்கினார். அதன்பின் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வயலும் வீடும் பன்சுவுக்கு. இவ்வாண்டுப் படையலுக்கு மட்டும் மேல்வயல் நெல்லை அறுத்துக்கொண்டார்கள். முன்னோர் என் நெல்லை உண்பார்கள்; நான் உப்பளத்துக் கொட்டகைக்குப் போகிறேன். நீ அழைப்பாய் என்று தெரியும். அழைக்காதே. எனக்கு இப்போது உன்மேல் சினமும் இல்லை. வருவதற்குக் காலும் இல்லை.

மாலையில் பன்சு வந்து வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "அண்ணி, கோவிச்சுக்காதீங்க... அந்தக் குருணையில எனக்கும் கொஞ்சம் மூட்டை அனுப்பச் சொல்லி, உங்க தம்பிக்கு ஒரு வார்த்தை எழுதுங்களேன்."

எழுதிவிட்டேன். அனுப்பு, நிலத்தின்மேல் பிழையில்லை.

முதல் கடிதத்தில் காற்றை எழுதினாய், எடையை எழுதினாய், மூன்று சத்தையும் எழுதினாய். அது மெல்லத்தான் கரையும், நாம் பொறுக்கவேண்டும் என்பதை மட்டும் எழுதவில்லை. அந்த ஒரு வரியை அவனுக்காவது முதலிலேயே எழுதிப் போடு.

இருமலுக்கு இஞ்சி வேகவைத்துக் குடி.

பூன்ரே