எங்கட பிளேன்

08.01.2009, வியாழன்.

காஸாவுக்காகக் காத்தான்குடியில் இன்று கடையடைப்பு. எனக்கு வழக்கமாக வெள்ளைச் சேலை கொண்டுவந்து விற்கும் அவ்வூர் ஹனீபா, கல்லடியில் என் வீட்டுக்கு வந்திருந்தார். “டீச்சர், அங்க குண்டில சாகிற பிள்ளைகளுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துங்க. நீங்க அதட்டினா மாதாவும் கேப்பா” என்றார். கொளுத்தினேன். என் மகள் இஸ்ரேலில் ஒரு கிழவியைப் பராமரிப்பது அவருக்குத் தெரியாது.

மாலையில் மகள் போன் எடுத்தாள். ராக்கெட் விழுகிறதாம், கிழவியோடு பங்கருக்குள் இருக்கிறாளாம். “பயப்படாதீங்க அம்மா, எங்கட பிளேன் வெளிக்கிட்டிட்டுது.”

எங்கட என்கிறாள், என் பிள்ளை.

வன்னியில் என் தங்கச்சியின் தலைக்கு மேல் பறந்து குண்டு போடும் கிபிர் விமானமும் அந்த நாட்டில் செய்ததுதான். சொல்ல வாயெடுத்தேன். அவள் குரல் நடுங்கியது. கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு இரு, அவவும் பயந்திருப்பா என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பிளேன் இதற்குள் காஸாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.