ஹெலிகாப்டர் வரும்

19.11.2007
இரும்புலியூர் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் இன்று போர்டில் 'கால் ஆஃப்'. ஏற்பாடு ஆனதை நிறுத்திவிடுவது என்று அர்த்தம். மழை வந்தால் மேட்ச் கால் ஆஃப். சண்டை வந்தால் கல்யாணம் கால் ஆஃப். போர்டைத் துடைப்பதுதான் என் வேலை. ஆனால் துடைப்பதற்குள் மண்டையில் ஏற்றிவிடுவேன். டீக்கடையில் நாலு பேருக்குப் பாடமே எடுத்தேன். வாத்தியாரே என்னிடம்தான் சந்தேகம் கேட்பார் என்றும் சொல்லிவைத்தேன். கேட்டாலும் கேட்பார்.

21.11.2007
தங்கச்சி கிளியம்மாளின் புருஷன் துளசிங்கம் நேற்று கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. பெருங்காற்று. கோவளம் பக்கம் அவர்கள் குப்பத்துக்கு வந்துவிட்டேன். கோஸ்ட் கார்ட் ஆபீசர்களோடு இங்கிலீஷில் பேச ஆள் வேண்டுமாம். என்னைவிட்டால் யார்?

22.11.2007
ஹெலிகாப்டர் ஒரு சுற்று சுற்றியது. நான் போனில் போட்ட அதட்டலில்தான் வந்தது என்று குப்பமே பேசுகிறது. கிளப்பிவிட்டதும் நான்தான்.

23.11.2007
காலையில் போன். தேடுதல் "கால்ட் ஆஃப்" என்றார் ஆபீசர். நிறுத்தியாச்சு. அர்த்தம் தெரியாமலே இருந்திருக்கக் கூடாதா?

கிளியம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா சொன்னாங்கண்ணா?"

"நாளைக்கு ரெண்டு ஹெலிகாப்டர் வருதும்மா. கப்பல் வேற."

ஏன் சொன்னேன்? அவள் முகத்தைப் பார்த்ததும் வாயில் அதுதான் வந்தது.

ஊர்த் தலைவர் ஜீவரத்தினம் தேடப் போவதற்குப் படகுகளில் டீசல் ஊற்றி வைத்திருந்தார். "அப்போ நம்ம போட்டுங்க வோணாமா? கடலு வேற பேஜாரா கீது."

எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். "கப்பலே வருதுபா, உன் போட்டு இன்னாத்துக்கு?" என்றேன். சிரிக்கக்கூடச் செய்தேன்.

படகுகளைக் கரையில் ஏற்றிவிட்டார்கள்.

24.11.2007
வானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "லேட்டாவும்மா" என்றேன். இப்போது சொல்லிவிடலாமா? சொன்னால் குப்பமே காறித் துப்பும் — சொல்லியிருக்கணும்டா. நேத்தே சொல்லியிருக்கணும்.

25.11.2007
இன்றும் சொல்லவில்லை.

27.11.2007
காசிமேட்டு லாஞ்சுக்காரர்கள் துளசிங்கத்தைக் கொண்டுவந்தார்கள். பாதி முழுகின படகில் தன்னைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். துடுப்பை நட்டு, அதன் உச்சியில் லுங்கியைக் கொடி மாதிரி கட்டியிருந்தான். உயிர் போய் ஒரு நாள்தான் இருக்கும் என்றார் டாக்டர்.

ஒரு நாள்.

29.11.2007
எல்லாம் முடிந்தது. கிளியம்மாள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அம்மாம் பெரிய லுங்கிண்ணா. ரெண்டு ஹெலிகாப்டரு, ஒரு கப்பலு. ஒருத்தன் கண்ணுலகூடவா படல?"

"மேகம்மா, ஒரே மேகம்" என்றேன்.