வெறும் குழியிலும் மஞ்சள்

என் கண்ணுக்கு, அம்மா எழுதறது. இங்க நாங்க ரெண்டு பேரும் நடமாடிக்கிட்டு இருக்கோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருப்பேன்னு நம்பறேன். உங்கப்பாவுக்கு முட்டி வலி குறைஞ்சிருக்கு, வாய்தான் குறையல. பத்து நாளா நான் காபியில பால் விடறதில்லைன்னு கேலி பண்றார். உன் கடிதம் வந்த நாள்லேர்ந்து பாலைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுதும்மா, ஏன்னு சொல்றேன்.

எங்க லேப் புரொபசர் போன வருஷம் போட்ட கட்டுரையை நம்பித்தான் உன் ஆராய்ச்சியை ஆரம்பிக்கப் போறேன்னு எழுதியிருந்தே. அந்தப் புரதத்துல செரின்ங்கற ஒரு அமினோ அமிலத்து மேல பாஸ்பேட் ஒட்டினா முழிச்சுக்கிட்டு வேலை செய்யும், கழண்டா தூங்கிடும்னு அதுல இருக்கே, அந்தச் சோதனையைச் செஞ்சது இந்தக் கைதான். ஆன்டிபாடி ஒட்டின குழி மஞ்சளாகும், அது கண்ட இடத்துல ஒட்டாம இருக்கத் தட்டுக் குழிகள்ல மாட்டு ரத்தப் புரதம் ஊத்தணும். அன்னிக்கு அது தீர்ந்துபோச்சு, இருபது வருஷக் கைப்பழக்கம், பால் பவுடரைக் கரைச்சு ஊத்திட்டேன். பால் புரதத்துலயே பாஸ்பேட் ஒட்டின செரின் ஏகப்பட்டது கிடக்கு, பாஸ்பேட்டைத் தேடற ஆன்டிபாடி அதை விடுமா? எல்லாக் குழியும் மஞ்சளாச்சு, புரதமே போடாத வெறும் குழியும்தான். அது மஞ்சளானா சோதனையே தப்புன்னு அர்த்தம்.

தப்பு என்னுதுன்னு அன்னிக்கே புரொபசர்கிட்ட போய்ச் சொன்னேன். ரத்தப் புரதம் வாங்கி மறுபடி செஞ்சும் காட்டினேன், ஒரு குழியும் நிறம் மாறல, அந்தப் புரதத்துல பாஸ்பேட்டே இல்ல. அந்த ஆள் தலையைக்கூடத் தூக்கல. "வெறும் குழியைப் படத்துலேர்ந்து வெட்டிடுங்க, பேசாம இருங்க"ன்னார். சீ, என்ன ஜென்மமோ. அதைவிடக் கேவலம், வேலை போயிடுமேன்னு நானும் வெட்டிக் கொடுத்துட்டுப் பேசாமத்தான் இருந்தேன். என் பேர் வந்த பக்கத்தை உங்கப்பா சட்டம் போட்டுக் கூடத்துல மாட்டினார், வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டினார், நானும் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன். நெனச்சா என் மேலயே அருவருப்பா இருக்கு.

நேத்து அந்தச் சட்டத்தைக் கழட்டிட்டேன். கட்டுரை போட்ட பத்திரிகைக்கு நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன், வெட்டாத படமும் கூடவே போயிருக்கு. வேலை இனி நிக்காது, போகட்டும். உங்கப்பா சுவத்துல இருந்த ஆணியையும் பிடுங்கிப் போட்டார்.

நீ அந்தப் புரதத்தைத் தொடாதே, மூணு வருஷம் பாழாயிடும். இந்தக் கடிதத்தை உன் கைடு மேடம்கிட்ட அப்படியே காட்டு. நீ எடுத்த காரியம் நல்லபடியா நடக்கும், மனசாரச் சொல்றேன். எந்தச் சோதனை செஞ்சாலும் வெறும் குழியை முதல்ல பாரு. பாலை ஊத்தினது யாருன்னு கேட்டா மழுப்பாதே, எங்கம்மான்னு சொல்லு.

இப்படிக்கு,
உன் அம்மா